ஒரே நாற்காலி, ஒரே பெண், பல கித்தான்கள்: க்வென் ஜானின் சிறிய உருவப்படங்கள்

மேற்குச்சாளரம்:

க்வென் ஜான் (1876–1939) என்ற வேல்ஸ் நாட்டு ஓவியரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று செய்திகள் முந்திக்கொண்டு வருகின்றன. அவர் தம் காலத்தில் பெரும்புகழோடு இருந்த ஓவியர் அகஸ்டஸ் ஜானின் அக்கா. சிற்பி ரோதானின் காதலி. பாரிசை அடுத்த மெதோன் என்ற ஊரில் பூனைகளோடு தனித்து வாழ்ந்தவர். மூன்றும் உண்மையே. ஆனால் இவற்றை விரித்துச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுவதால், அவர் என்ன வரைந்தார் என்பதைப் பேச யாருக்கும் பொழுது மிஞ்சுவதில்லை. இந்த இழையில் ஓவியங்களிலிருந்து தொடங்குவோம். வாழ்க்கை தேவைப்படும் இடத்தில் தானே வந்து சேரட்டும்.

அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களில் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 160 மட்டுமே. நாற்பது ஆண்டுகள் ஓவியராகவே வாழ்ந்த ஒருவருக்கு இது மிகக் குறைவு. அவற்றில் 60 சென்டிமீட்டரைத் தாண்டியவை அரிது. பல ஓவியங்கள் அதில் பாதிதான். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கைகள் மடியில் இருக்கும், அல்லது ஒரு புத்தகத்தையோ கடிதத்தையோ பூனையையோ பற்றியிருக்கும். பின்னால் வெறும் சுவர். அந்தப் பெண் நம்மைப் பார்ப்பதும் குறைவு.

நான் விவாதிக்க விரும்புவது இதைத்தான்: அவர் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1910களின் இறுதியிலும் 1920களின் முற்பகுதியிலும் அவர் தீட்டிய 'நோயிலிருந்து தேறுபவள்' என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்பு நாற்காலியில் அடர்நீல உடை அணிந்த பெண் ஒருத்தி, பக்கத்தில் ஒரு சிறு மேசை, அதன்மேல் தேநீர்க் கெண்டி, கையில் ஒரு தாள். ஏறத்தாழ பத்து ஓவியங்களில் இதே பெண்ணும் இதே அமைப்பும் வருகின்றன; இதே பெண் இதே இருப்பில் வேறு தலைப்புள்ள ஓவியங்களிலும் வருகிறாள். அவள் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு ஓவியத்தில் மேசை சிறிது விலகியிருக்கும், இன்னொன்றில் தலை சற்றுக் குனிந்திருக்கும், மற்றொன்றில் சுவர் இளஞ்சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கும். வேறுபாடு அவ்வளவே.

விற்பனைக்காகப் படியெடுத்தார் என்று சொல்ல முடியாது. நியூயார்க் வழக்கறிஞரும் ஓவியச் சேகரிப்பாளருமான ஜான் க்வின் அவர் எதை அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார். அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். க்வென் ஜானோ ஒவ்வொன்றையும் கைவிட்டு அனுப்ப மனமில்லாமல் ஆண்டுக்கணக்கில் தாமதித்தார். வாங்குபவர் அவசரப்படுத்தும்போதும் அவர் புதிய பொருளைத் தேடிப் போகவில்லை. பழைய நாற்காலிக்கே திரும்பினார்.

என் எண்ணம் இது: தோரணை, உடை, நாற்காலி, மேசை எல்லாவற்றையும் ஒருமுறை நிலைநிறுத்திவிட்டால் அவற்றைப் பற்றி மறுபடியும் முடிவெடுக்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் கவனம் முழுவதையும், கன்னத்தின் நிறத்துக்கும் அதற்குப் பின்னால் உள்ள சுவரின் நிறத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியின்மேல் வைக்கலாம். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதை அந்தத் தொலைவே தீர்மானிக்கிறது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கரிக்கோல்:

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஓர் ஓவியர் தம் எல்லையைச் சுருக்கிக்கொள்வதை நாம் ஆழம் என்று எளிதாகப் பெயரிட்டுவிடுகிறோம் என்பது என் நெடுநாள் கவலை.

லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் 1895 முதல் 1898 வரை அவர் படித்தார்; இறுதியாண்டில் உருவங்களை ஒருங்கிணைத்துத் தீட்டும் பெரிய அமைப்புக்கான பரிசையும் பெற்றார். அதாவது, பல மனிதர்களை ஒரே கித்தானில் இயங்கவைக்கும் திறமை அவருக்கு இருந்தது. 1902இல் அவர் தீட்டிய, சிவப்பு மேற்சட்டையும் கழுத்தில் பதக்கமும் அணிந்த தன்னுருவப்படம் இப்போது டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய தன்னுருவப்படம் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது; இடுப்பில் கைவைத்து, கழுத்தில் பெரிய கறுப்பு முடிச்சோடு, பார்ப்பவரைத் தயங்கவைக்கும் துணிவோடு அவர் நிற்கிறார். இவ்விரண்டிலும் ஒரு முழு மனிதர் இருக்கிறார். அவருடைய பிடிவாதம் தெரிகிறது, அறிவு தெரிகிறது.

இருபது ஆண்டுகள் கழித்து வந்த பிரம்பு நாற்காலிப் பெண்ணிடம் இவற்றில் எது மிஞ்சியிருக்கிறது? அவளுடைய கண்கள் இரண்டு தூரிகைத் தொடுகைகளாகக் குறைந்துவிட்டன. கைகள் ஒரு வெளிறிய தீற்றலாகிவிட்டன. அவள் யார், எதை நினைக்கிறாள், எந்தக் கடிதத்தைப் படிக்கிறாள் என்று எதையும் ஓவியர் நமக்குத் தருவதில்லை. நிறங்களின் இணக்கம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உருவப்படம் என்ற கலை மனிதரை அறியும் கலை என்றால், இந்த வரிசை அதிலிருந்து படிப்படியாகப் பின்வாங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது. திரும்பத் திரும்ப வரைந்ததை ஆராய்ச்சி என்று சொல்வதற்கு முன்னால், முன்னே செல்ல முடியாத தயக்கமாக அது இருந்திருக்கக் கூடாதா என்றும் நாம் கேட்க வேண்டும்.

அடிப்பூச்சு:

நான் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்பவன். இந்தக் கேள்விக்கு அவர் பயன்படுத்திய பொருள்களிலிருந்து ஒரு விடை இருப்பதாக நம்புகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் அந்த வரிசையைப் புரிந்துகொள்ள முடியாது என்றும் நினைக்கிறேன்.

கரிக்கோல் குறிப்பிட்ட 1902ஆம் ஆண்டுத் தன்னுருவப்படம் பழைய முறையில் செய்யப்பட்டது. மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்து, முகத்தை மெதுவாக உருவாக்குவது அந்த முறை. அதில் திருத்தலாம். இன்று தவறாக விழுந்த நிழலை அடுத்த வாரம் ஒரு படலத்தால் மென்மையாக்கலாம். 1903இல் துலூஸ் நகரில் தோழி டொரேலியாவை விளக்கொளியில் வைத்துத் தீட்டிய ஓவியங்களிலும் இந்த முறையின் ஆழ்ந்த இருளைக் காணலாம். அவற்றில் 'மாணவி' என்ற ஓவியம் மான்செஸ்டரில் இருக்கிறது.

பின்னாளில் அவர் இந்த முறையை முற்றிலும் கைவிட்டார். சுண்ணத்தூளை விலங்குப் பசையோடு, அதாவது நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பசையோடு, கலந்து கித்தானில் அடிப்பூச்சாகப் பூசத் தொடங்கினார். இத்தகைய பூச்சு எண்ணெயை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தூரிகை பட்ட இடத்தில் வண்ணம் அப்படியே நின்றுவிடும்; இழுத்துக் குழைக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது, மறைத்தால் அந்த இடம் மட்டும் கனத்துத் தனியே தெரியும். பளபளப்பும் வராது, சுவரோவியத்தைப் போன்ற உலர்ந்த மேற்பரப்பே கிடைக்கும். அவருடைய பிற்கால ஓவியங்களில் தொடுகைகள் சிறு சிறு துண்டுகளாக அருகருகே பதிந்திருப்பதற்கும், சில இடங்களில் அடிப்பூச்சு வெளியே தெரிவதற்கும் இதுவே காரணம்.

இந்த முறையில் வேலை செய்ய வேண்டுமானால், தொடங்கும் முன்பே எல்லா நிறங்களையும் வண்ணத்தட்டில் கலந்து, வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக வைத்திருக்க வேண்டும். அவர் 1898இல் பாரிசில் ஓவியர் விஸ்லர் கற்பித்த பள்ளியில் படித்தபோது பெற்ற முதன்மையான பயிற்சி இதுதான். ஓவியத்தைத் தட்டிலேயே முடித்துவிட்டுத்தான் கித்தானைத் தொட வேண்டும் என்ற அளவுக்கு விஸ்லர் தட்டின் ஒழுங்கை வலியுறுத்தினார். அகஸ்டஸ் ஒருமுறை அவரிடம், தம் அக்காவின் ஓவியங்களில் மனிதரின் குணம் நன்றாக வருகிறதல்லவா என்று கேட்டாராம். குணமாவது ஒன்றாவது, டோன்தான் முக்கியம், உங்கள் அக்காவுக்கு அதில் நுட்பமான உணர்வு இருக்கிறது என்று விஸ்லர் பதில் சொன்னதாக அகஸ்டஸே எழுதியிருக்கிறார். டோன் என்பது இங்கே நிறத்தின் வெளிர்மையும் கருமையும் ஒன்றுக்கொன்று நிற்கும் விகிதம். க்வென் ஜானின் குறிப்பேடுகளில் நிறங்களுக்கும் அவற்றின் அடர்த்திக்கும் எண்கள் இட்டு எழுதியிருக்கிறார். ஓர் இசைஞர் சுரங்களைக் குறித்துவைப்பது போன்ற ஏற்பாடு அது.

இப்போது கரிக்கோலின் கேள்விக்கு வருகிறேன். உறிஞ்சும் அடிப்பூச்சின்மேல், ஒரே தடவையில், முன்பே கலந்த நிறங்களால் தீட்டுபவரால் ஓவியத்தைத் திருத்த முடியாது. சுவர் அரைப்படி கூடுதலாகக் கருத்துவிட்டது என்று தெரிந்தால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: இன்னொரு கித்தானை எடுத்து முதலிலிருந்து தொடங்குவது. மற்ற ஓவியர்கள் ஒரே கித்தானில் பத்து அடுக்குகளாகப் புதைத்து மறைக்கும் திருத்தங்களை அவர் பத்துக் கித்தான்களாக வெளியே வைத்திருக்கிறார். நான் இதே பூச்சில் வேலை செய்து பார்த்திருக்கிறேன். அதன் கண்டிப்பு கையில் உடனே தெரியும். தயங்குபவர் இந்த முறையைத் தேர்ந்தெடுக்க மாட்டார். தயக்கமுள்ளவருக்கு ஏற்றது அவர் கைவிட்ட அந்தப் பழைய முறைதான்.

மேற்குச்சாளரம்:

நண்பர் அடிப்பூச்சுக்கு நன்றி. இந்த வரிசையை இந்தக் கோணத்திலிருந்து நான் பார்த்ததில்லை. என் வாதத்துக்கு இல்லாதிருந்த அடித்தளத்தை நீங்கள் தந்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மேற்பரப்பு உலர்ந்திருப்பதால் அந்த ஓவியங்களின்மேல் வெளிச்சம் பட்டுத் திரும்புவதில்லை. அதனால் அருகே போய் நின்று பார்க்க முடிகிறது, அளவும் சிறியதாதலால் போகவும் வேண்டியிருக்கிறது. நான் டேட் அருங்காட்சியகத்தில் முதலில் கவனித்தது அதைத்தான்: பெரிய ஓவியங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தவர்கள், இந்தச் சிறிய படத்துக்கு முன்னால் வந்ததும் ஓர் அடி முன்னே எடுத்துவைத்தார்கள்.

வைகறை:

இந்த விவாதத்தில் மெதோன் கன்னியர் மடத்தின் கதையைச் சேர்க்காவிட்டால் முழுமை வராது. கத்தோலிக்க மரபில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு அந்த ஓவியங்களின்மேல் தனி ஈடுபாடு உண்டு.

க்வென் ஜான் 1911இல் மெதோனுக்குக் குடிபெயர்ந்தார். 1913இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அந்த ஊரில் டொமினிக்கன் சபையைச் சேர்ந்த கன்னியர் இல்லம் ஒன்று இருந்தது. அந்தச் சபையை நிறுவிய அன்னை மரி பூஸ்பேன் (1653–1744) அவர்களின் உருவப்படத்தை வரைந்து தரும்படி கன்னியர் அவரைக் கேட்டார்கள். அன்னை இறந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஓவியருக்குக் கிடைத்தது ஒரு சிறிய செப அட்டையில் அச்சிட்டிருந்த படம் மட்டுமே. நம் வீடுகளில் பூசைப் புத்தகத்துக்குள் வைத்திருப்போமே, அத்தகைய அட்டை. மடத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு படம் வேண்டும் என்று அவர்கள் விரும்பியதால், பல படிகள் தேவைப்பட்டன.

வேறொருவராக இருந்தால் அந்த அட்டையைப் பெரிதாக்கி, ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதி, ஓராண்டுக்குள் வேலையை முடித்துக் கொடுத்திருப்பார். க்வென் ஜான் ஏழு ஆண்டுகள் அளவுக்கு அதில் உழைத்தார். இன்று குறைந்தது ஆறு ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்று கார்டிஃபில், ஒன்று பர்மிங்காமில் பார்பர் கலைக்கூடத்தில் என்று பல இடங்களில் பிரிந்துகிடக்கின்றன. வெள்ளை முக்காடும் மடித்த கைகளும் இவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அன்னையின் முகம் ஒன்றில் இளமையாகவும் சிறிது புன்னகையோடும், மற்றொன்றில் களைத்தும் இருக்கிறது. அந்த அட்டையில் முகம் என்று சொல்லத்தக்க ஒன்று ஏறத்தாழ இல்லவே இல்லை. அவர் அதே மடத்தில் தம் கண்முன்னே நடமாடிய கன்னியர்களையும் உட்காரவைத்து வரைந்தார். உயிரோடு இருந்தவர்களின் முகங்களிலிருந்து பெற்றதை அன்னைக்குக் கொடுத்தார் என்று நான் நினைக்கிறேன். கரிக்கோல் ஐயா, மனிதரை அறிவதிலிருந்து அவர் பின்வாங்கினார் என்கிறீர்கள். ஒருபோதும் பார்த்திராத ஒருவரின் முகத்துக்காக ஏழு ஆண்டுகள் செலவிட்டவரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் தேவாலயத்தில் வரைந்த படங்களையும் பாருங்கள். திருப்பலியின்போது பின்வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்களின் முதுகுகளையும் தொப்பிகளையும் வரைவது அவர் வழக்கம். பக்கத்து அநாதை இல்லத்துச் சிறுமிகள் கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும் காட்சியை மறுபடி மறுபடி வரைந்திருக்கிறார். வழிபாட்டின்போது வரையலாமா என்ற கேள்வி எழுந்தபோது, தமக்கு நெடுநேரம் செபிக்க மனம் நிற்பதில்லை என்றும், அந்தச் சிறுமிகளின் தொப்பிகளும் கழுத்துப்பட்டிகளும் தம்மைக் கவர்கின்றன என்றும், இவற்றையும் விட்டுவிட்டால் தம் வாழ்வில் போதிய மகிழ்ச்சி இருக்காது என்றும் தோழி வேரா உமான்சோஃபுக்கு எழுதினார். வேராவுக்குத் திங்கட்கிழமைதோறும் ஒரு சித்திரம் கொடுத்துவந்ததும் அதே காலத்தில்தான். இத்தனை நேர்மையாகத் தம் பக்தியின் அளவைச் சொன்ன ஒருவரை வெறும் துறவியாகச் சித்திரிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பழஞ்சுவடி:

வாழ்க்கையைப் பின்னுக்கு வைக்க வேண்டும் என்ற விதியை மதிக்கிறேன். ஆனாலும் ரோதானைப் பற்றி ஒரு செய்தி இந்த விவாதத்துக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது.

1904இல் பாரிசில் குடியேறிய க்வென் ஜான், பிழைப்புக்காக ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் மாடலாக நின்றார். அந்த வழியில்தான் ரோதானின் பட்டறைக்கு வந்தார். அப்போது விஸ்லரின் நினைவுச் சின்னத்துக்காக ரோதான் ஒரு கலைத்தேவதையின் உருவத்தைச் செய்துகொண்டிருந்தார். அதற்கு நின்றவர், விஸ்லரிடமே பயின்ற இவர்தான். அந்தச் சின்னம் முடிவுபெறவே இல்லை, கைகளற்ற உருவமாக நின்றுபோயிற்று. ரோதானுக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 2000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவை பாரிசில் ரோதான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அக்கடிதங்களின் ஏக்கத்தைப் படித்துவிட்டு, ரோதான் அவரை அழித்தார் என்று முடிவுகட்டுபவர்கள் பலர். ரோதான் பல ஆண்டுகள் அவருடைய வாடகைக்கு உதவினார் என்பதையும், தொடர்ந்து வரையும்படி வற்புறுத்தினார் என்பதையும் அவர்கள் கடந்துபோகிறார்கள். ஷெர்ஷ்-மிடி தெருவில் அவர் குடியிருந்த மாடி அறையைத் தீட்டிய ஓவியம், என் மதிப்பில் அவருடைய மிகச்சிறந்த படைப்பு, அந்தக் காலத்தில்தான் பிறந்தது. ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, அதில் சாய்த்து வைத்த குடை, மெல்லிய திரைக்குப் பின்னிருந்து வரும் வெளிச்சம், மேசைமேல் சிறு பூங்கொத்து. ஆள் இல்லை. ஆனாலும் அதை உருவப்படம் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஷெஃபீல்டில் உள்ள படத்தில் ஜன்னல் மூடியிருக்கிறது. கார்டிஃபில் உள்ள படத்தில் அது திறந்திருக்கிறது, மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது. திரும்ப வரையும் வழக்கம் 1907–1909 அளவிலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

ரோதானின் பட்டறையில் அவர் கண்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு உருவத்தைச் செய்து, அதையே பல தடவை வார்த்து, கையை எடுத்துவிட்டு, கோணத்தை மாற்றிவைத்து, அது இப்போது வேறென்ன ஆகிறது என்று பார்ப்பது ரோதானின் அன்றாட வேலைமுறை. அவருடைய 'நரக வாயில்' என்ற சிற்பத்தின் உச்சியில் நிற்கும் 'மூன்று நிழல்கள்' என்ற உருவங்களும் ஒரே உருவத்தின் மூன்று வார்ப்புகள்தாம். மணிக்கணக்கில் அந்தப் பட்டறையில் நின்ற ஒரு கூர்மையான ஓவியர் இதைக் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. விஸ்லரிடமிருந்து நிறத்தின் ஒழுங்கையும் ரோதானிடமிருந்து ஒரே உருவத்தை விடாமல் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தையும் அவர் எடுத்துக்கொண்டார் என்பது என் ஊகம். காதலைவிட இந்தக் கொடைதான் ஓவியங்களில் நிலைத்திருக்கிறது.

க்வின் பற்றியும் ஒரு சொல். 1910 அளவில் வாங்கத் தொடங்கிய அவர், பின்னர் ஆண்டுதோறும் பணம் அனுப்பியதால்தான் க்வென் ஜான் மாடலாக நிற்பதை நிறுத்த முடிந்தது. 1913இல் நியூயார்க்கில் நடந்த புகழ்பெற்ற ஆர்மரி கண்காட்சியில் அவருடைய ஓவியம் இடம்பெற்றதும் க்வின் கொடுத்து உதவியதால்தான். 1924இல் க்வின் இறந்தார். 1926இல் லண்டன் செனில் கூடத்தில் ஒரு தனிக் கண்காட்சி நடந்தது; அவர் வாழ்நாளில் நடந்த ஒரே தனிக் கண்காட்சி அதுதான். 1930களின் முற்பகுதிக்குப் பிறகு ஓவியங்கள் ஏறத்தாழ நின்றுபோயின. 1939 செப்டம்பரில் தியெப் நகரில் அவர் இறந்தார்.

கரிக்கோல்:

அடிப்பூச்சு சொன்ன தொழில்நுட்ப விளக்கம் வலுவானது. தயக்கம் என்ற சொல்லை இனி வலியுறுத்த மாட்டேன். ஆனால் என் முதன்மையான ஐயம் அப்படியே இருக்கிறது, அதை இன்னும் குறுக்கிச் சொல்கிறேன்.

1909–1910இல் அவர் ஃபெனெல்லா லவெல் என்ற மாடலை இரண்டு முறை தீட்டினார். ஒன்றில் அந்தப் பெண் ஆடையற்று உட்கார்ந்திருக்கிறாள், அது டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்றில் அதே இருப்பில் தோள் தெரியும் உடை அணிந்திருக்கிறாள், அது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியருக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்பது தெரிந்த செய்தி. அந்த இறுக்கம் ஓவியத்தில் இருக்கிறது: ஒடுங்கிய தோள்கள், நீண்ட முகம், நம்மை நேராகப் பார்க்கும், எதையும் விட்டுக்கொடுக்காத கண்கள். இருவருக்கிடையே உள்ள உறவு அந்த 45 சென்டிமீட்டர்க் கித்தானில் முழுதும் பதிவாகியிருக்கிறது. சிறிய ஓவியம் நெருக்கமானது என்று நாம் சொல்வதற்கு உரிய பொருள் அதில்தான் எனக்குக் கிடைக்கிறது. நெருக்கம் என்பதில் பிடிக்காமையும் அடக்கம்.

பிரம்பு நாற்காலிப் பெண்ணோடு ஓவியருக்கு எந்த உறவும் இல்லை. அவள் கெண்டிக்கும் மேசைக்கும் சமமான ஒரு வடிவம். இதை இழப்பு என்று நான் கருதுகிறேன். மற்றவர்கள் பேறு என்று கருதலாம்.

மேற்குச்சாளரம்:

கரிக்கோல் ஐயா, ஃபெனெல்லாவின் ஓவியத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு சொல்கூட மாற்றாமல் ஏற்கிறேன். அது இழப்பா பேறா என்ற இடத்தில்தான் பிரிகிறோம்.

கெண்டிக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு கவனம் தருவதைப் பெண்ணைக் கெண்டியாக்குவது என்று நீங்கள் படிக்கிறீர்கள். 1912இல் தோழி அர்சுலா டிர்விட்டுக்கு எழுதிய கடிதத்தில், தமக்குச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பதே வேறு கேள்வி, இன்னும் உள்ளார்ந்த வாழ்க்கை வேண்டும் என்ற இந்த விருப்பத்தைத் தவிர வேறெதையும் தாம் ஒருபோதும் வெளியிடாமலே போகலாம் என்று க்வென் ஜான் எழுதுகிறார். உள்ளார்ந்த வாழ்க்கையை நாடும் ஒருவர், எதிரே இருப்பவரின் உள்ளத்தையும் அதே மரியாதையோடு மூடியே வைக்கிறார் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெண் கடிதம் படிக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை ஓவியருக்கு இல்லை, நமக்கும் இல்லை. உருவப்படக் கலையின் வரலாறு முழுவதும் முகத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, இவர் கேட்கவில்லை. பாரிசில் பிறருக்காக மணிக்கணக்கில் மாடலாக நின்றவர் அவர். தன்னைப் பிறர் உற்றுப் பார்க்க அசையாமல் இருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை உடலால் அறிந்த ஓவியர்கள் மிகச் சிலரே. எதிரே அமர்ந்த பெண்ணுக்கு ஒரு புத்தகத்தையோ கடிதத்தையோ கொடுத்து, அவளுக்கென்று ஒரு வேலையை ஏற்படுத்தி, பார்க்கப்படுவதன் சுமையை அவர் இறக்கிவைத்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

டேனிஷ் ஓவியர் ஹாமர்ஷோயின் சாம்பல்நிற அறைகளோடு இவரை ஒப்பிடுபவர்கள் உண்டு. அங்கே பெண் பெரும்பாலும் முதுகு காட்டி நிற்கிறாள், அறைதான் தலைமை. இங்கே பெண் நம் பக்கம் திரும்பித்தான் இருக்கிறாள்; நம்மைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். அந்தச் சிறு வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புதுவரவு:

படிக்கப் படிக்க நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எழுகிறது. இங்கிலாந்தில் வசிக்கும் உறவினரைப் பார்க்கப் போகும்போது எங்கே தொடங்குவது என்று பெரியவர்கள் சொல்ல முடியுமா? இப்போதைக்குத் திரையில் மட்டுமே பார்க்கிறேன்.

அடிப்பூச்சு:

கார்டிஃபிலிருந்து தொடங்குங்கள். வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில்தான் அவருடைய படைப்புகளின் மிகப்பெரிய தொகுப்பு இருக்கிறது. 1976இல் குடும்பத்தாரிடமிருந்து 900க்கு மேற்பட்ட சித்திரங்கள் அங்கே வந்து சேர்ந்தன. தாளில் வரைந்தவை வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எல்லாவற்றையும் சுவரில் மாட்டியிருக்க மாட்டார்கள். போகும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. லண்டனில் டேட், அதன்பின் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம். இவ்விரண்டு இடங்களிலும் நாற்காலிப் பெண்ணின் ஓவியங்கள் இருக்கின்றன. இரண்டையும் நெருங்கிய நாள்களில் பார்க்க முடிந்தால் இந்த இழையில் பேசியது கண்ணுக்கே விளங்கும். வடக்கே போவதானால் ஷெஃபீல்டையும் மான்செஸ்டரையும் விட்டுவிடாதீர்கள்.

திரையில் பார்க்கும்போது இரண்டு குறைகள். எல்லா ஓவியங்களும் ஒரே அளவாகத் தெரியும். சுண்ணப் பூச்சின் உலர்ந்த தன்மையும் மறைந்துவிடும். இரண்டாவதற்கு வழியில்லை. முதலாவதற்கு உண்டு: ஷெஃபீல்டில் உள்ள அந்த அறையின் ஓவியம் ஏறத்தாழ 32க்கு 27 சென்டிமீட்டர், நாம் அச்சிடப் பயன்படுத்தும் ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது. திரையில் படத்தை அந்த அளவுக்கு நிறுத்தி, கைநீட்டினால் தொடும் தொலைவில் உட்கார்ந்து பாருங்கள்.